பழைய படக்கதைப் புத்தகமும் நியாய விலையும்

(பங்கின் பொன்விழாவையொட்டி இளைஞர்களுக்காக நடந்த சுயதொழில் கருத்தரங்கில் ஆற்றிய உரை)

  

நமக்கு முன் பேசியவர்கள் தையல் தொழிலைப் பற்றியும், மெழுகுவர்த்தி செய்வதைப் பற்றியும், கோழி வளர்ப்பைப் பற்றியும் பயனுள்ள செய்திகளைச் சொன்னார்கள். எங்கள் தொழிலின் பெயரைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரக்கூடும். பிள்ளைகள் பாடப்புத்தகத்திற்குள் மறைத்துவைத்துப் படித்து, வாத்தியாரிடம் பிரம்படி வாங்கிய காமிக்ஸ் புத்தகங்களை விலைக்கு வாங்கி, வேண்டுவோருக்கு விற்பதே எங்கள் தொழில். இதுவும் ஒரு பிழைப்பா என்று கேட்பவர்கள் உண்டு. பிழைப்புத்தான். சிறிய பிழைப்பு. ஆனால் அரிசி வியாபாரியும் துணி வியாபாரியும் எப்போதோ ஒருமுறை எதிர்கொள்ளும் ஒரு மனச்சாட்சிக் கேள்வியை இத்தொழில் செய்பவர் வாரந்தோறும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆகவே தொழில் முறையையும் அந்தக் கேள்வியையும் சேர்த்தே உங்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

வாங்குகிறவர்கள் யார்?

1972 ஜனவரியில் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழ் வெளிவந்தது. அதன் நாயகன் இரும்புக்கை மாயாவி. இங்கிலாந்தில் 1962-இல் வேலியண்ட் என்ற சிறுவர் வார இதழில் தொடங்கிய கதையின் தமிழாக்கம் அது. அன்று அதைப் பத்து வயதில் படித்த சிறுவர்கள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். 1984-இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் தொடங்கியது. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தார் ராணி காமிக்ஸைத் தொடங்கினார்கள். அது 2005-இல் நின்றுபோனது. இவற்றிற்கெல்லாம் முன்னரே, பம்பாயிலிருந்து டைம்ஸ் ஆஃப் இந்தியா நிறுவனத்தார் 1964 முதல் 1990 வரை இந்திரஜால் காமிக்ஸைப் பல மொழிகளில் வெளியிட்டார்கள். அனந்த் பை அவர்கள் 1967-இல் அமர் சித்திரக் கதையைத் தொடங்கினார்கள்.

அந்நாளில் இப்புத்தகங்களைச் சேர்த்துவைக்க வழியில்லாமல் வளர்ந்த பிள்ளைகள், இன்று உத்தியோகத்திலும் வெளிநாட்டிலும் இருக்கிறார்கள். சிலர் ஓய்வு பெற்றுவிட்டார்கள். இரவல் வாங்கி ஒரே இரவில் படித்துத் திருப்பிக் கொடுத்த புத்தகத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை அவர்களுக்கு இருக்கிறது. சிலர் இதழ் எண் வரிசையாகச் சேர்க்கிறார்கள். சிலருக்கு ஒரே ஒரு கதை போதும். அப்பாவின் மடியில் உட்கார்ந்து கேட்ட கதை என்று சொல்லித் தேடுபவர்களும் உண்டு. இவர்களே எங்கள் வாடிக்கையாளர்கள். சாதாரணச் சிறுவர்களுக்கு நாங்கள் அதிக விலைப் புத்தகம் விற்பதில்லை. அவர்கள் படிக்கப் புதிய புத்தகங்களும் மறுபதிப்புகளும் குறைந்த விலையில் கிடைக்கின்றன.

பழையது எல்லாம் பொன்னாகுமா?

இத்தொழிலில் இறங்கும் இளைஞர் முதலில் அறியவேண்டியது, பழையது என்பதற்காக ஒரு புத்தகம் விலைபோவதில்லை என்பதே. குறைவாக மிஞ்சியிருக்க வேண்டும். அதைத் தேடுபவர்களும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் விலை.

இதற்கு அமெரிக்க நாட்டு வரலாறு நல்ல பாடம். 1938 ஜூன் மாத இதழாக வெளிவந்த ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழின் விலை 10 சென்ட். சூப்பர்மேன் முதன்முதலாகத் தோன்றியது அதில்தான். அதன் நல்ல பிரதி ஒன்று 2014-இல் 32 லட்சம் டாலருக்கும், வேறொன்று 2024-இல் 60 லட்சம் டாலருக்கும் ஏலம் போயின. காரணம் என்ன? அந்நாளில் அவற்றை யாரும் பாதுகாக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கத்தில் ஏராளமான பிரதிகள் அரைபட்டன. போருக்குப் பின் இவை பிள்ளைகளைக் கெடுக்கின்றன என்ற அச்சத்தில் பல ஊர்களில் குவித்துக் கொளுத்தினார்கள். 1948-இல் நியூயார்க் மாநிலத்துப் பிங்காம்டன் நகரில் ஒரு கத்தோலிக்கப் பங்குப் பள்ளியின் மாணவர்களே அப்படிக் கொளுத்தினார்கள். அதே காலத்தில் நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் வேறொரு வழியையும் கண்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ட்ரெஷர் செஸ்ட் என்ற நல்ல படக்கதை இதழ் 1946 முதல் 1972 வரை அந்நாட்டுக் கத்தோலிக்கப் பள்ளிகளில் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்தது.

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். பழைய இதழ்கள் பெருவிலை போவதைக் கண்ட மக்கள், 1990-களின் தொடக்கத்தில் புதிய இதழ்களையே ஐந்தும் பத்துமாக வாங்கிப் பெட்டியில் வைத்தார்கள். 1991-இல் வந்த எக்ஸ்-மென் முதல் இதழ் 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் அச்சானது. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறக்கும் கதை வந்தபோது கடைகளின் முன் மக்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாரும் உறை பிரிக்காமல் பத்திரப்படுத்தினார்கள். 1993-க்குப் பின் சந்தை சரிந்தது. ஏராளமான கடைகள் மூடப்பட்டன. பெரிய வெளியீட்டாளரான மார்வெல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவாலாகிப் பாதுகாப்புக் கோரி நீதிமன்றத்திற்குப் போனது. எல்லாரும் பத்திரப்படுத்திய பொருள் அரிய பொருள் ஆகாது.

இதே காரணத்தால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறோம். மார்வெல் நிறுவனம் 1980-இல் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் வாழ்க்கையையும், 1982-இல் திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் வாழ்க்கையையும், 1984-இல் அன்னை தெரசா வாழ்க்கையையும் படக்கதையாக வெளியிட்டது. இவை உங்களில் யாரிடமாவது இருக்கலாம். திருத்தந்தையின் புத்தகம் பெரும் எண்ணிக்கையில் அச்சானது. அதை விற்று யாரும் வீடு கட்ட முடியாது. பேரப்பிள்ளைகளுக்குக் கொடுங்கள், படிக்கட்டும்.

நம் நாட்டில் நிலைமை முன் சொன்ன 1938-ஆம் ஆண்டு இதழைப் போன்றது. மலிவான தாளில் அச்சாகி, கை மாறிக் கை மாறிக் கிழிந்து, பொட்டலம் கட்டவும் எடைக்கும் போய்விட்டன. சென்னையில் பழைய புத்தகம் தேடுவோரின் புகலிடமாக இருந்த மூர் மார்க்கெட்டும் 1985-இல் தீயில் அழிந்தது. மிஞ்சியவை வீடுகளின் பரணிலும், டிரங்குப் பெட்டியிலும், மூடிப்போன வாடகை நூலகங்களின் மூட்டைகளிலும் இருக்கின்றன.

விலையை எப்படிக் கணிப்பது?

ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்ததும் ஐந்து செய்திகளைப் பார்க்கிறோம்.

முதலாவது, எந்த இதழ். தொடக்க இதழ்களுக்கும் தீபாவளி மலர், கோடை மலர் போன்ற சிறப்பிதழ்களுக்கும் தேட்டம் அதிகம். இரண்டாவது, பக்கங்கள் முழுமையாக உள்ளனவா என்பது. ஒவ்வொரு தாளாக எண்ணிப் பார்க்கவேண்டும். நடுத்தாள் பின்னிலிருந்து கழன்று காணாமற் போவது வழக்கம். மூன்றாவது, அதன் நிலை. அட்டை கிழிந்ததா, பின் துருப்பிடித்ததா, செல்லோடேப் ஒட்டியதா, நூலக முத்திரை குத்தியதா என்று பார்க்கவேண்டும். நான்காவது, அதே கதை மறுபதிப்பாக வந்திருக்கிறதா. மறுபதிப்பு வந்தால் கதைக்காக வாங்குபவர்கள் விலகிவிடுவார்கள். முதற்பதிப்புக்காக வாங்குபவர்கள் மட்டும் நிற்பார்கள். ஐந்தாவது, அது உண்மையான பழைய பிரதிதானா. வண்ண ஜெராக்ஸ் அட்டை போட்டு ஏமாற்றுபவர்கள் இருக்கிறார்கள். தாளின் நிறம், அச்சின் புள்ளி, பின்னின் துளை, இவற்றைப் பார்த்துப் பழகினால் கை சொல்லிவிடும்.

அமெரிக்காவில் ஓவர்ஸ்ட்ரீட் என்பவர் 1970-இல் விலைப் பட்டியல் நூலைத் தொடங்கினார். 2000-ஆம் ஆண்டு முதல் புத்தகத்தின் நிலைக்கு 10 மதிப்பெண் வரை கொடுத்துக் கண்ணாடி போன்ற உறையில் அடைத்துத் தரும் நிறுவனமும் இருக்கிறது. தமிழ்ப் புத்தகங்களைப் பொறுத்தவரை நாங்கள் நான்கு சொற்களை வைத்திருக்கிறோம்: புதிது போல, நன்று, சுமார், படிக்க மட்டும். வாங்குபவர் பார்க்கும்முன் நாங்களே குறையைச் சொல்லிவிடுகிறோம். 'நன்று' என்று சொல்லி அனுப்பிய புத்தகம் 'சுமார்' என்று வாங்கியவர் எண்ணினால் திருப்பி அனுப்பலாம். தபால் செலவு எங்களுடையது.

முதலும் கணக்கும்

பெரிய முதல் வேண்டியதில்லை. கடன் வாங்கித் தொடங்கவே கூடாது. ஒரு கணக்கை உதாரணமாகப் பாருங்கள். 40 புத்தகங்கள் உள்ள ஒரு கட்டை 2,000 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். போக்குவரத்து 150 ரூபாய், உறைக்கும் அட்டைக்கும் 200 ரூபாய். ஆக முதல் 2,350 ரூபாய். அக்கட்டில் நல்ல தேட்டமுள்ளவை 4, ஒவ்வொன்றும் 400 ரூபாய். ஓரளவு தேட்டமுள்ளவை 8, ஒவ்வொன்றும் 150 ரூபாய். சாதாரணமானவை 20, ஒவ்வொன்றும் 60 ரூபாய். பக்கம் குறைந்தவை 8, ஒவ்வொன்றும் 20 ரூபாய். எல்லாம் விற்றால் 4,160 ரூபாய். லாபம் 1,810 ரூபாய்.

தாளில் அழகாக இருக்கிறது. ஆனால் நடப்பது என்ன? நல்ல நான்கும் முதல் வாரத்திலேயே போய்விடும். கையில் 1,600 ரூபாய் வந்ததும் சம்பாதித்துவிட்டோம் என்று மகிழ்ந்து செலவழிக்கத் தோன்றும். உண்மையில் போட்ட முதலுக்கே இன்னும் 750 ரூபாய் குறைகிறது. மீதி 36 புத்தகங்களும் மாதக்கணக்கில் அலமாரியில் உட்கார்ந்திருக்கும். ஆகவே ஒவ்வொரு கட்டுக்கும் தனிப் பக்கம் போட்டு வரவு செலவு எழுதவேண்டும். முதல் திரும்பும்வரை அந்தக் கட்டிலிருந்து ஒரு ரூபாயும் வீட்டுச் செலவுக்கு எடுக்கக் கூடாது. இதனை உறுதியாகப் பின்பற்றாத இளைஞருக்கு இத்தொழில் ஆகாது.

இது முழுநேரத் தொழில் என்றும் நாங்கள் சொல்லவில்லை. வேறு வேலையோடு சேர்த்து, மாலை நேரத்திலும் ஞாயிறு திருப்பலிக்குப் பின்னும் செய்யத்தக்கது. விற்பனை பெரும்பாலும் கைப்பேசி வழியாகவே நடக்கிறது. அட்டையையும் குறைகளையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, பணம் வந்ததும் விரைவுத் தபாலில் அனுப்பிவிடலாம். ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போனால் சேகரிப்பவர்கள் பலரை நேரில் சந்திக்கலாம்.

பாதுகாப்பு முறை

இந்தத் தாள் மரக்கூழில் செய்தது. வெயிலும் காற்றும் பட்டால் மஞ்சளாகி, பின்னர் அப்பளம் போல் நொறுங்கும். ஆகவே சூரிய ஒளி படாத, ஈரமில்லாத இடத்தில் வைக்கவேண்டும். சுவரோடு ஒட்டிய அலமாரி மழைக்காலத்தில் ஈரம் வாங்கும். ஒரு சாண் தள்ளி வையுங்கள். கிழிசலுக்குச் செல்லோடேப் ஒட்டவே கூடாது. சில ஆண்டுகளில் பசை தாளுக்குள் இறங்கிப் பழுப்புக் கறையாகிவிடும். துருப்பிடித்த பின்னை நகத்தால் நெம்பாமல் மெதுவாக நிமிர்த்தி எடுக்கவேண்டும். இராமபாணப் பூச்சிக்குப் பயந்து புத்தகத்தின் மேலேயே அந்துருண்டை போடுகிறார்கள்; அந்த நெடி பிறகு போவதில்லை. மாதம் ஒருமுறை எடுத்துத் தட்டி, புரட்டி, காற்றாட வைப்பதே நல்ல மருந்து. மெல்லிய பாலிப்ராப்பிலீன் உறையில், பின்னால் ஓர் அட்டை கொடுத்து, நிற்கவைத்த நிலையில் அடுக்கவேண்டும்.

மனச்சாட்சிக் கேள்வி

இப்போது நாங்கள் சொல்லவந்த முக்கியச் செய்திக்கு வருகிறோம்.

இத்தொழிலில் லாபம் எங்கிருந்து வருகிறது? சரக்கின் மதிப்பு எங்களுக்குத் தெரிகிறது, விற்பவருக்குத் தெரிவதில்லை. அந்த இடைவெளியில்தான் பணம் இருக்கிறது. எடைக்குப் போட நினைக்கும் ஏழைத் தாயிடம் கிலோ விலை கொடுத்து வாங்கி, மறுநாள் ஒரு புத்தகத்தையே அதைப்போல் பல மடங்குக்கு விற்கலாம். சட்டப்படி யாரும் கேட்கமாட்டார்கள். அவர் விலை சொன்னார், நாங்கள் கொடுத்தோம் என்று வாதிடலாம். ஏழாம் கட்டளை இங்கே என்ன சொல்கிறது?

சிலர் நற்செய்தியையே துணைக்கு அழைக்கிறார்கள். நிலத்தில் புதைந்திருந்த புதையலைக் கண்டவன் அதை மூடிவைத்துவிட்டு, நிலத்தை வாங்கினானே, ஆண்டவர் அவனைக் குறை சொல்லவில்லையே என்கிறார்கள். மத்தேயு 13-ஆம் அதிகாரத்தில் வரும் அந்த உவமை விண்ணரசின் மேன்மையைக் காட்டுவதற்குச் சொன்னது. நிலம் வாங்கும் முறையைக் கற்பிக்கச் சொன்னதன்று. அவன் தனக்கு உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுத்தான் என்பதில்தான் உவமையின் உயிர் இருக்கிறது. மலிவாகக் கிடைத்தது என்று மகிழ்பவர்களுக்கு அந்த உவமையில் இடமில்லை.

13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புனித தோமாஸ் அக்குவினாஸ், தமது இறையியல் தொகுப்பு நூலில், இரண்டாம் பாகத்தின் இரண்டாம் பகுதியில், 77-ஆம் வினாவை வாங்கல் விற்றலில் நடக்கும் ஏமாற்றுக்கென்றே ஒதுக்கியிருக்கிறார். அதில் எங்கள் தொழிலுக்கென்றே எழுதியது போன்ற இடம் ஒன்று உண்டு. ஒருவர் தம்மிடம் உள்ள பொன்னைப் பித்தளை என்று எண்ணி விற்கிறார். வாங்குபவருக்கு அது பொன் என்று தெரியும். அப்படித் தெரிந்தே வாங்கினால் அநியாயமாக வாங்குகிறார், ஈடுசெய்யவும் கடமைப்பட்டிருக்கிறார் என்பது புனிதரின் தீர்ப்பு. பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டால் மட்டும் போதாது. திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது இதன் பொருள்.

அதே வினாவில் விற்பவருக்கும் பாடம் உண்டு. குதிரைக்கு ஒற்றைக் கண் என்பது பார்த்தாலே தெரியும். விலையைக் குறைத்துக் கொடுத்தால் அதை வாய்விட்டுச் சொல்லவேண்டிய கட்டாயமில்லை. மறைந்திருக்கும் குறையால் வாங்குபவர் கெடுவாரானால், அதைச் சொல்லியே ஆகவேண்டும். அட்டைக் கிழிசல் ஒற்றைக் கண்ணைப் போன்றது. நடுத்தாள் இல்லாதது மறைந்த குறை.

வியாபாரமே பாவம் என்றும் அவர் சொல்லவில்லை. குடும்பத்தைக் காப்பாற்றவும், இல்லாதவருக்கு உதவவும், தம் உழைப்பின் கூலியாக அளவான லாபம் தேடுவது தகும் என்று ஒப்புக்கொள்கிறார். இதைப் பலமுறை யோசித்து நாங்கள் எங்களுக்குள் ஒரு விதி செய்துகொண்டோம்: எங்கள் அறிவுக்குக் கூலி கேட்கலாம், பிறர் அறியாமைக்கு விலை வைக்கக் கூடாது.

விதியை நடைமுறைப்படுத்துவது எப்படி?

ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறோம். வயதான தாயார் ஒருவர் வீட்டைக் காலி செய்கிறார் என்று கேள்விப்பட்டுச் சென்றோம். காலமான அவருடைய கணவர் சேர்த்துவைத்த புத்தகங்கள் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இருந்தன. "எடைக்குப் போடத்தான் எடுத்து வச்சேன் தம்பி. கிலோவுக்கு என்ன தருவீங்க?" என்று கேட்டார்.

"அம்மா, இதை எடைக்குப் போடாதீங்க. இதுல சிலது நல்ல விலை போகும்" என்றோம்.

அவர் நம்பவில்லை. "இந்தப் பொம்மைப் புத்தகமா? அவர் இதை வாங்கினதுக்கு நான் எத்தனை நாள் சண்டை போட்டிருக்கேன் தெரியுமா?" என்றார். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக எடுத்து, எது என்ன விலை போகலாம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். அதைப் படித்துக் காட்டியதும் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கணவர் கையெழுத்துப் போட்டுவைத்த புத்தகங்களையெல்லாம் தனியே எடுத்துக்கொண்டார். அவற்றில்தான் விலையுயர்ந்தவை பல இருந்தன. "இதெல்லாம் பேரனுக்கு இருக்கட்டும்" என்றார். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. மீதியை விற்றுத் தருமாறு கேட்டுக்கொண்டார். விற்க ஐந்து மாதம் ஆயிற்று. வந்த தொகையில் நான்கில் மூன்று பங்கை அவரிடம் கொடுத்து, ஒரு பங்கை எங்கள் கூலியாக எடுத்துக்கொண்டோம். அந்த ஆண்டு கணவரின் நினைவுத் திருப்பலிக்கு அந்தப் பணத்திலிருந்தே காணிக்கை கொடுத்ததாகச் சொன்னார்.

நேர்மையாக நடந்ததால் அன்று முதல் வியாபாரம் பெருகியது என்று கதை முடிக்க எங்களுக்கும் ஆசைதான். அப்படி நடக்கவில்லை. அந்த வீட்டின் வழியாக வேறு சரக்கு எதுவும் வரவில்லை. பேசாமல் எடைக்கு வாங்கியிருந்தால் வந்திருக்கக்கூடிய பணத்தில் சிறு பகுதியே எங்களுக்குக் கிடைத்தது. இத்தொழிலில் நேர்மைக்குச் செலவு உண்டு. அதைத் தெரிந்துகொண்டே இறங்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறோம்.

ஆனால் அந்நாளிலிருந்து இந்தப் பங்கு முறையை வழக்கமாக்கிக்கொண்டோம். வீடுகளில் உள்ள சேகரிப்பை நாங்கள் சொந்தமாக வாங்குவதில்லை. பட்டியல் எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, விற்றுக்கொடுத்துக் கூலி பெறுகிறோம். புத்தகம் விற்காவிட்டால் உடையவருக்கே திரும்பிவிடும். முதல் இல்லாத இளைஞருக்கு இதைவிடச் சிறந்த முறை இல்லை. பணம் போடவேண்டியதில்லை, கண்ணும் கையும் நாணயமும் போட்டால் போதும். மனச்சாட்சிக்காகக் கண்ட வழியே கைமுதல் இல்லாதவருக்கும் ஏற்ற வழியாக இருப்பதைக் கவனியுங்கள்.

பழைய பேப்பர் கடைக்காரர் விஷயம் சற்று வேறு. அவர் வியாபாரி; எல்லாவற்றையும் எடைக்கே வாங்கி எடைக்கே விற்கிறார். அவரிடமும் மறைக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். எந்த வகைப் புத்தகம் வந்தால் தனியே எடுத்துவைக்க வேண்டும் என்று மாதிரி காட்டி, புத்தகம் ஒன்றுக்கு இவ்வளவு என்று எடை விலையைவிட நன்றாகக் கூட்டிக் கொடுக்கிறோம். குப்பையில் கிடந்து தேடி, தட்டி, சரிசெய்து, ஆள் பார்த்து விற்பது எங்கள் உழைப்பு.

இன்னும் மூன்று விலக்குகளைச் சொல்லி முடிக்கிறோம். பள்ளிப் பிள்ளைகள் வீட்டிலிருந்து எடுத்துவரும் புத்தகத்தைப் பெற்றோர் வந்து சொல்லாமல் வாங்காதீர்கள். பொது நூலக முத்திரை உள்ள புத்தகம், கழிக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாமல் வந்தால் தொடாதீர்கள். ஒரு சேகரிப்பாளர் குடும்பச் செலவை மறந்து ஆசைப்படுவது தெரிந்தால், அவருக்கு விற்காமல் இருப்பதும் நம் கடமையே. எங்களிடம் கடனுக்குக் கேட்பவர்களுக்கு, "அடுத்த மாதம் பார்க்கலாம் அண்ணே, புத்தகம் எங்கும் போகாது" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சில வேளை அதற்குள் வேறொருவர் வாங்கிப்போய்விடுவதும் உண்டு. அவரிடம் திட்டு வாங்கிக்கொள்கிறோம்.

அன்பார்ந்தவர்களே, ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தப் பங்கை நிறுவியவர்கள் பெரும் பணக்காரர்கள் அல்லர். கூலி வேலையும் சிறு கடையும் செய்து, அதில் மிச்சம் பிடித்துக் கல்லும் மண்ணும் சுமந்து இக்கோயிலை எழுப்பினார்கள். சிறு தொழில் செய்வதில் இழிவில்லை என்பதற்கு நாம் வழிபடும் இக்கோயிலே சான்று. உங்களில் இத்தொழிலில் இறங்க விரும்புவோர் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் எங்களிடம் வாருங்கள். புத்தகத்தைப் பார்க்கும் முறையையும் கணக்கு எழுதும் முறையையும் கற்றுத் தருகிறோம். அதற்குக் கூலி இல்லை. உங்கள் வீட்டுப் பரணில் பழைய பெட்டி இருந்தால், எடைக்காரரைக் கூப்பிடும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள். உள்ளே இருப்பது என்னவென்று உங்களுக்குத் தெரியாவிட்டால் எங்களைக் கேளுங்கள். தெரிந்ததைச் சொல்கிறோம்.